வண்டி சும்மாதான போகுது

எங்கள் வேனில் மூன்று பேர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொய் இல்லை, படுக்கலாம்தான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து இந்தக் கோடை வரைக்கும் அந்தக் கட்டிலில் படுத்தது புளி மூட்டையும் ராகி மூட்டையும்தான். ஒருமுறை இரண்டு கோழிகள் படுத்தன. அதுவரை நான் படுத்ததில்லை, என் மகளும் படுத்ததில்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய வேன். பள்ளிக்கூடத்தில் அதைக் கழித்துக் கட்டியபோது என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்கு அதியமான்கோட்டையில் ஹைவேஸ் ஓரமாக டிராக்டர் உதிரிபாகக் கடை இருக்கிறது. மத்தியானத்தில் அங்கே ஆள் வராது. அந்த நேரமெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வேனுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற வீடியோக்களாகப் போனில் பார்த்துத் தள்ளியிருக்கிறார். பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி சீட்டையெல்லாம் பிடுங்கி, கட்டில் அடித்து, கட்டிலுக்குக் கீழே சாமான் வைக்கப் பெட்டி செய்து, ஓரத்தில் ஒற்றை அடுப்பு, குழாய் வைத்த தண்ணீர் கேன், ஜன்னலுக்குத் திரை, சின்ன ஃபேன் என்று எல்லாம் பொருத்திக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல கடலுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

அவள் கடலைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இந்த மாவட்டத்திலேயே பிறந்து இங்கேயே வாக்கப்பட்டவளுக்கு ஒகேனக்கல்தான் பெரிய தண்ணீர். என்னை விடுங்கள். அவள் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறபோது நான் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பெரிய ஆசையெல்லாம் இல்லை. அந்த வருஷமே பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் டூர் போட்டார்கள். "சொந்தமா வேன வச்சிக்கிட்டு டூரு எதுக்கு பாப்பா? நாமளே போலாம்" என்று அவர் சொல்ல, அவளும் சரியென்று தலையாட்டினாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளெல்லாம் போய்விட்டு வந்து சங்கு மாலை காட்டினார்கள்.

சரி, அடுத்த வாரமே கடலுக்குப் போனோமா என்றால், எங்கே போனது? புது வண்டி முதலில் குலதெய்வம் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த தெருவில்தான் இருக்கிறார். மாமியார் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. கோயிலுக்கு அண்டா, விறகு, அரிவாள், வாழையிலைக் கட்டு என்று வந்து இறங்கியதையெல்லாம் நான் வாய் பேசாமல் ஏற்றினேன். கடைசியில் மூன்று அடுப்புக்கல் வந்தது.

"அங்க கல்லு கெடைக்காதுங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"கெடைக்கும்மா. நல்ல கல்லு கெடைக்கணுமில்ல?"

எங்கள் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வேனுக்குள் அவர் ஆயிரம் தடவை காட்டிப் பெருமையடித்துக்கொண்ட கேஸ் அடுப்பு இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்துக்கொண்டு போனோம். சிரிக்கலாம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வண்டியில் சாமான் ஏற்றுவது என்றால் இது ஒன்றுதான் தெரியும். போகிற இடத்தில் ஒன்றும் இருக்காது, எல்லாம் நாம்தான் கொண்டு போக வேண்டும், சாமி பேரைச் சொல்லி நாலு வீட்டுச் சாமானும் ஒரே வண்டியில் ஏற வேண்டும். கடலுக்குப் போவதும் இவர்களுக்கு ஆடு வெட்டப் போகிற மாதிரிதான்.

அடுக்குகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விடியும். "நீ அடுக்குனாத்தான் அடக்கமா இருக்கும்" என்று ஐஸ் வைத்துவிட்டு அவர் கண்ணாடி துடைக்கப் போய்விடுவார். அந்த ஒரு கண்ணாடியை மனுஷன் அரை நாள் துடைப்பார். நான் வேலைக்கும் போய்வந்து, சாயந்திரத்தில் உட்கார்ந்து அடுக்குவேன். தட்டுகள் கடகடவென்று ஆடாமல் இருக்கத் துண்டுகளுக்கு நடுவே சொருக வேண்டும். நல்லெண்ணெய் பாட்டிலை இரண்டு கவரில் சுற்றாவிட்டால் மெத்தை போச்சு. மகளுக்கு வளைவில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். மிளகாய்த்தூள், கொசுவத்தி, மாத்திரை, போர்வை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து வைத்து முடித்தால் வேன் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். கட்டில் காலியாக, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கும். அந்த லட்சணமெல்லாம் அண்ணி வந்து சேருகிற வரைக்கும்தான்.

கடலுக்கென்று முதல்முறை கிளம்பியபோது மகள் எட்டாவது முடித்திருந்தாள். தொப்பூர் இறங்கி, சேலம், ஆத்தூர் வழியாகப் போய்ப் பாண்டிச்சேரி பக்கம் எங்காவது இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். சாமி கும்பிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நேரத்தில் அண்ணி வந்தார். அவர் பின்னால் தள்ளுவண்டியில் இரண்டு மூட்டை வந்தது. அண்ணியின் மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

"தம்பி, சேலம் வழியாத்தான போறீங்க? அவளுக்குக் கொஞ்சம் புளி, ராகி மாவு. அப்புறம் மாங்கா ஒரு கூட. வண்டி சும்மாதான போகுது?"

வண்டி சும்மாதான போகுது! இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நாங்கள் மூன்று பேர் அதற்குள் உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து அவரே மூட்டையைக் கட்டிலில் ஏற்றினார்.

தொப்பூர் இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார், புளி மூட்டை கட்டிலிலிருந்து நழுவி வந்து என் முதுகில் முட்டியது. மாங்காய்க் கூடை கவிழ்ந்து மாங்காயெல்லாம் காலடியில் உருண்டு, ஒன்று போய் பிரேக்குக்குப் பக்கத்தில் நின்றது. என் மகள் சட்டென்று குனிந்து அதை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனுஷன் வேர்த்துப் போய், "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்றார். ஒன்றுமில்லையாம்.

சேலத்தில் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அது நடக்குமா? வாசலைத் தாண்டிவிட்டால் கை நனைக்காமல் வெளியே விடமாட்டார்கள். "மாமா மொதமொத வேன்ல வந்திருக்கீங்க, கறி எடுக்காம அனுப்புவமா?" என்று அந்தப் பெண் கடைக்கு ஆள் அனுப்பினாள். கறி வந்து, வெந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் போகலாம் என்று படுத்தோம், வேனில் இல்லை, அவர்கள் வீட்டு ஹாலில். காலையில் பார்த்தால் எங்கள் கூடை நிறையப் பலாச்சுளையும் ஒரு முழுப் பழமும். கொண்டுவந்த கூடையை வெறுமனே திருப்பித் தரக்கூடாதாம். "அம்மாவுக்குக் குடுத்துடுங்க மாமா, நாளைக்கி வெச்சா வீணாப்போயிடும்." அந்தப் பழம் வீணாகப் போகக்கூடாது என்று நாங்கள் தர்மபுரிக்கே திரும்பினோம். ஒரு பலாப்பழத்துக்காகக் கடலை விட்டுவிட்டு வந்த குடும்பம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

மகள், "அடுத்த லீவுக்குப் போலாம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்திச் சண்டை போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை நான் புத்திசாலித்தனமாக, சேலத்துக்குள் நுழையாமல் பைபாஸில் போய்விடலாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சேலத்துக்குள் நுழையவில்லை. ஆனால் ஆத்தூரில் அவருடைய சித்தப்பா இருக்கிறார். "சித்தப்பா ஊரத் தாண்டிப் போறம், எட்டிப் பாக்காமப் போனா நாளைக்கி மூஞ்சில முழிக்க முடியுமா?" என்றார். அதற்குள் அண்ணிக்கு எப்படியோ தெரிந்து, சித்தப்பாவுக்கென்று சித்தேரி மலைச் சாமை ஒரு மூட்டையும் காய்ந்த மொச்சை ஒரு பையும் ஏறியாகிவிட்டது. சித்தப்பா சந்தோஷப்பட்டுப் போனார். சாமை வந்த சாக்குப் பையை மடித்துக் கொடுக்க மனசில்லாமல், தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு நாட்டுக்கோழியைப் பிடித்துக் காலைக் கட்டிக் கொண்டுவந்தார்.

"வேண்டாங்க சித்தப்பா, நாங்க கடலுக்குப் போறமுங்க" என்று நான் சொன்னேன்.

"கடலு எங்கம்மா போயிடப் போவுது? பொறக்கற பேரப்புள்ளைக்கி ஆவுமில்ல, அக்காகிட்ட குடுத்துடுங்க."

சேலத்துப் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள். கோழிகளைக் கட்டிலில் விட்டார்கள். நான் பார்த்துப் பார்த்து விரித்த விரிப்பில் அவை என்ன செய்தன என்று எழுத வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி தாண்டுவதற்குள் ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு திரைக்குள் புகுந்து, அவருடைய தலைக்கு மேல் பறந்தது. வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு நாள் கோழிக்குத் தீனியும் தண்ணீரும் வைத்துக்கொண்டு கடற்கரையில் உட்கார முடியுமா? திரும்பினோம். மகள்தான் பின்னால் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். வீடு வந்ததும் நான் வேனைக் கழுவினேன், கழுவிக்கொண்டே அழுதேன். அவருக்கு அது தெரியாது.

அதன் பிறகு பத்தாவது பரீட்சை வந்தது, பன்னிரண்டாவது வந்தது. வேன் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாற்காலி ஏற்றப் போய்வந்தது. மகளுக்குத் திருச்சியில் கல்லூரி கிடைத்தது. ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரும்போதுதான் அந்தக் கட்டில் முதன்முதலாகக் காலியாக இருந்தது. அவள் பெட்டியை இறக்கிய பிறகு ஏற்ற ஒன்றும் இல்லை. திரும்பி வருகிற வழியில் அவர், "ஒருக்கா கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. "இப்பத்தான் தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருஷக் கோடை விடுமுறைக்கு அவள் வந்தபோது நான் முடிவு செய்துவிட்டேன். சேலமும் வேண்டாம், ஆத்தூரும் வேண்டாம். அரூர் வழியாகத் திருவண்ணாமலை போய், அங்கிருந்து விழுப்புரம், பாண்டிச்சேரி. அந்த ரோட்டில் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் கிடையாது. கூகுள் மேப்பில் எல்லோரும் நல்ல ரோட்டைத் தேடுவார்கள், நான் சொந்தபந்தம் இல்லாத ரோட்டைத் தேடினேன். யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் பேச்சு. ஆனால் வேனைக் கழுவினாலே எங்கள் தெருவுக்குச் சேதி போய்விடும். கிளம்புகிற அன்று காலையில் அண்ணி வந்துவிட்டார். தள்ளுவண்டியும் வந்தது. எந்த வழி என்பது கூட அவருக்குத் தெரிந்திருந்தது.

"தம்பி, அரூர் வழியாப் போனாலும் அப்படியே திரும்பறப்ப சேலம் வந்துட்டு வரலாமில்ல? பேத்திக்கிப் பொறந்தநாளு. புளி புதுசு. வண்டி சும்மாதான போகுது?"

என் வீட்டுக்காரர் வழக்கம் போலப் பின் கதவைத் திறக்கப் போனார். நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணியிடம் நான் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சும்மா போகலைங்க அண்ணி. எம்பொண்ணு போறா."

"நான் என்ன அவள எறக்கியா வுடச் சொன்னன்?"

"ஆறேழு வருசமா நீங்க ஏத்துறீங்க, அவ எறங்குறா. இன்னைக்கி ஒரு கொட்டப் புளி கூட ஏத்த மாட்டனுங்க. தப்பா நெனச்சாலும் சரிங்க."

அண்ணியின் முகம் சுண்டிப் போனது. தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். "பொண்டாட்டி வாயில நல்லா அடங்கிக் கெடக்கறடா" என்று அண்ணி சொன்னது தெருவுக்கே கேட்டது. தள்ளுவண்டி திரும்பிப் போனது. அன்றையிலிருந்து இன்றுவரை அண்ணி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். என் பிரசவத்துக்குக் கூட இருந்து பார்த்தவர். ஆனால் அன்றைக்கு வேறு வழி இல்லை. அரூர் வரை என் வீட்டுக்காரர் உம்மென்று ஓட்டினார், நானும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகள் மட்டும் பின்னால் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப் போனாள். திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாயந்திரம் வெயில் இறங்குகிற நேரத்தில் பாண்டிச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊருக்குப் பக்கத்தில் சவுக்கு மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினார். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அவர் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணல் மேட்டில் ஏறினேன். மேட்டின் உச்சிக்குப் போனதும் கடலைப் பார்க்கக்கூடாது, முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குத்தானே?

உச்சிக்குப் போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அடேயப்பா! அவ்வளவு தண்ணீர். கரை இல்லாத தண்ணீர். வாயைப் பிளந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அப்புறம்தான் மகளின் நினைப்பு வந்து, ஐயையோ விட்டுவிட்டேனே என்று பதறித் திரும்பினேன்.

அவள் கடலைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நின்ற வரைக்கும் அவளும் நின்றுவிட்டு, "வாம்மா, நேரா நிக்காத, பக்கவாட்டுல நில்லு. அலை திரும்பறப்ப காலுக்கடியில மண்ணு ஓடும், பயந்துக்காத" என்று என்னைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அலை இன்னும் எங்கள் காலைத் தொடவே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்போடி பாத்த?"

"போன வருசம்மா. ஹாஸ்டல் பிள்ளைங்களோட. வேளாங்கண்ணி" என்றாள்.

"எதுல போனீங்க?"

"பஸ்லதாம்மா."

"என்னென்ன எடுத்துட்டுப் போன?"

அந்த நேரத்தில் எனக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்னுமே எடுத்துட்டுப் போகலம்மா. காலேஜ் பையி மட்டுந்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடலையே வாரி இறைத்திருப்பேன். பலாப்பழத்தின் மேல் கோபம், கோழியின் மேல் கோபம், மகாபலிபுரம் டூரின் மேல் கோபம், வானத்தைப் பார்க்கிற மனுஷன் மேல் கோபம். அவள் மேல் மட்டும் இல்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? அண்ணிகிட்ட அவ்வளவு பேசி, சண்ட கட்டி, இதெல்லாம் எதுக்கு?" என்று கத்தினேன். மேட்டின் மேல் வந்து நின்ற என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"சொல்லியிருந்தா நீ கெளம்பியிருக்க மாட்டம்மா" என்றாள் அவள். "நீயும் பாத்ததில்லையே."

உண்மைதான். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்திருந்தால் நான் கிளம்பியிருக்கவே மாட்டேன். இத்தனை வருஷமாக அந்த வேனில் ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து ஏற்றியிருக்கிறேன், என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் தோன்றியிருக்கிறது.